"அதுக்கப்புறம்?" என்று கேட்ட உதவி மையம்: நுரையீரல் நோயோடு உதவித்தொகைக்கு விண்ணப்பித்த அனுபவம்

மாற்றுத்திறன் உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை இலவசமாகச் சரிபார்த்துத் தரும் ஓர் உதவி மையத்துக்கு மூன்று மாதங்களில் நான்கு தடவை போனேன். இது அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை. மையத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டே பேர் வேலை செய்யும் இடம், கூட்டம் கூடினால் தாங்காது. ஆனால் அவர்கள் வேலை செய்த விதத்தை விவரமாக எழுதுகிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும், உங்களுக்கு உதவ உட்காருபவர் இதையெல்லாம் கேட்கிறாரா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வயது 57. நோய் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நூற்பாலையில் 26 வருடம் வேலை செய்தேன், அதில் 19 வருடம் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும், அதாவது பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் தூசி நிறைந்த பிரிவுகளில். 20 வயதிலிருந்து 31 வயது வரை சிகரெட் பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். கடைசி இரண்டு வருடமாக வேலைக்குப் போக முடியவில்லை.

முதல் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு பொய் கூட இல்லை என்பதுதான் வலிக்கிறது. "ஓய்வில் ஆக்சிஜன் அளவு 95. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார். ஆக்சிஜன் சிகிச்சை தேவைப்படவில்லை." மூன்றும் உண்மை. படிவத்தில் "தாமாகக் குளிக்க முடியுமா", "உடை மாற்ற முடியுமா", "மாடி ஏற முடியுமா" என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று டிக் போட்டேன். பதினெட்டு வயதிலிருந்து யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்ந்தவன் நான், "இல்லை" என்று எழுதக் கை வரவில்லை. பரிசோதனை நாளும் எனக்கு நல்ல நாளாக அமைந்துவிட்டது. வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டினார்கள், 95 காட்டியது. "ஆக்சிஜன் சிலிண்டர் இல்லையா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஓர் இடைத்தரகரிடமும் போனேன். பணம் வந்தால் அதில் பங்கு தர வேண்டும், "கட்டாயம் வாங்கித் தருகிறேன்" என்றார். என் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இதைச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். காகிதத்தைப் பார்க்காமலே உறுதி கொடுக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

மேல்முறையீடு செய்வதற்காகப் போன உதவி மையம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மூச்சு நோய்க்காரர்களும் வரும் ஓர் இடம் இப்படி இருக்கலாமா என்று ஏறும்போதே கோபம் வந்தது. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை, மேலே இரண்டு தடவை என்று நின்று நின்று ஏறினேன். உள்ளே போனதும் பேச முடியவில்லை. மேஜையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். நான் பேச ஆரம்பித்ததும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை நிமிஷம் ஐயா" என்றார். "ரெண்டு மாடி ஏறினதுக்கு அப்புறம் ஒரு முழு வாக்கியம் பேச உங்களுக்கு நாலரை நிமிஷம் ஆச்சு. உங்க விண்ணப்பத்துல இது எங்கயாவது இருக்கா?"

இல்லை. மாடி ஏற முடியுமா என்ற கேள்விக்கு "ஆம்" என்று மட்டும்தான் இருந்தது.

பிறகு பழைய படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் போனார். குளிப்பது பற்றிய பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தானாவே குளிச்சுக்குவீங்களா ஐயா?"

"குளிச்சுக்குவேன்மா."

"நின்னுட்டா, உக்காந்துட்டா?"

"ஸ்டூல் போட்டு."

"தலைக்குத் தண்ணி ஊத்தும்போது?"

கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே மூச்சு வாங்கும் என்றேன். தலைக்குக் குளிப்பது வாரம் ஒரு நாள்தான்.

"சரி, குளிச்சு முடிச்சாச்சு. அதுக்கப்புறம்?"

"துண்டைக் கட்டிக்கிட்டுக் கட்டில்ல உக்காருவேன்."

"எவ்வளவு நேரம்?"

இருபது நிமிடம் இருக்கும் என்றேன். சட்டை போட இன்னும் பத்து நிமிடம். "அதுக்கப்புறம்?" என்றார் மறுபடியும். குளித்த நாளில் மதியம் வரை வேறு எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்பதை அப்போதுதான் நானே வாய்விட்டுச் சொன்னேன். குளிப்பதையும் வெளியே போவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில்லை. எப்போது இந்த வழக்கத்துக்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நோய் மெதுவாக வந்தது, நானும் மெதுவாக என் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த மையத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான். "முடியுமா" என்று படிவம் கேட்கும். நாம் எழுத வேண்டியதோ எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் எத்தனை தடவை நிற்கிறோம், முடித்த பிறகு உடம்பு என்ன ஆகிறது, மறுநாளும் அதைச் செய்ய முடிகிறதா என்பதையெல்லாம். அந்தச் சிறு கட்டத்தில் இடம் போதாது. தனித் தாளில் எழுதி, கேள்வி எண் போட்டு, "இணைப்பு பார்க்க" என்று கட்டத்தில் குறிக்கச் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து அதே வேகத்தில் நடப்பது பற்றிய பதிலை எழுதினேன். "என்னால் நடக்கவே முடியாது" என்று எழுதியிருந்தேன். நிராகரிப்புக் கடிதத்தின் கோபம் அப்படி எழுத வைத்தது. இரண்டாவது தடவை போனபோது அந்த வரியை அவர் சிவப்புப் பேனாவால் அடித்தார். "நடந்துதானே ஐயா இங்க வந்தீங்க" என்றார். அதற்குப் பதில் என்ன உண்மை என்று கேட்டு, "சமதரையில் மெதுவாக ஏறக்குறைய 80 மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறது, இரண்டு மூன்று நிமிடம் நின்ற பிறகே தொடர முடிகிறது" என்று எழுத வைத்தார். ஒரு வரியில் மிகைப்படுத்தினால் மற்ற நாற்பது வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள் என்றார். சிகரெட் பழக்கத்தை மறைக்கலாமா என்று கேட்டதற்கும் அதே கண்டிப்பு. பழைய மருத்துவச் சீட்டில் எங்கேயாவது எழுதியிருக்கும், எத்தனை வருடம் பிடித்தேன், எப்போது விட்டேன் என்று நேராக எழுதச் சொன்னார். நேர்மையான இடம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

மூச்சுத்திணறலுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, எம்.ஆர்.சி. அளவுகோல் என்பார்கள். அதன் கதையை அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்த சார்ல்ஸ் ஃப்ளெட்சர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1950களில் உருவாக்கியது. "சமதரையில் வேகமாகப் போனால் மூச்சு வாங்குகிறதா, ஒத்த வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, நூறு மீட்டரில் நிற்க வேண்டியிருக்கிறதா, உடை மாற்றினாலே மூச்சு வாங்குகிறதா" என்ற மாதிரி சாதாரணக் கேள்விகள். தூசியில் உழைத்தவர்களைக் கேட்டுக் கேட்டு உண்டாக்கிய அளவுகோல், இன்னொரு தூசியில் உழைத்த எனக்கும் பொருந்துகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய அளவுகோல் 1 முதல் 5 வரை போகும். திருத்தப்பட்டது 0 முதல் 4 வரை. நூறு மீட்டரில் நிற்பவர் பழையதில் 4, புதியதில் 3. என் டாக்டர் சீட்டில் "மூச்சுத்திணறல் நிலை 3" என்று மட்டும் இருந்தது. அதைப் பழைய அளவுகோல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு படி குறைந்துவிடும். "திருத்தப்பட்ட எம்.ஆர்.சி. நிலை 3, சமதரையில் சுமார் 100 மீட்டரில் அல்லது சில நிமிடங்களில் நிற்க வேண்டியுள்ளது" என்று எண்ணோடு அதன் பொருளையும் எழுதி வாங்கி வரச் சொன்னார். ஒரு வரிதான் வித்தியாசம்.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். என் கையில் இருந்தது ஒன்றரை வருடப் பழைய ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரலை அளக்கும் சோதனை. அதுவும் ஒரே பக்கம், ஒரே ஊதல், வரைபடம் இல்லை. "மறுபடி எடுங்க" என்றார். எங்கே எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை லேப் பெண்ணிடம் நீட்டினேன், அவர் தலையசைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்.

மூக்கில் கிளிப் போட்டுவிட்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று சத்தம் போடுவார்கள். ஒரு தடவை ஊதினால் போதாது. ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 150 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ஆள் சரியாக ஊதியிருக்கிறார் என்று அர்த்தம். வேண்டுமென்றே மெதுவாக ஊதினாரோ என்ற சந்தேகத்துக்கு அந்த வரைபடங்களே பதில் சொல்லும். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து நான்கு பஃப், கால் மணி நேரம் காத்திருப்பு, மறுபடி ஊதல். மருந்துக்குப் பிறகு வரும் எண்தான் இந்த நோய்க்கு முக்கியம். முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று எனக்கு 1.18 லிட்டர், இருக்க வேண்டியதில் 41 சதவீதம். மொத்தமாக ஊதியது 2.46 லிட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.48. இது 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. சி.ஓ.பி.டி.க்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் கோல்டு (GOLD) வழிகாட்டியில் 30 முதல் 49 சதவீதம் வரை "கடுமையான" நிலை. சளி, காய்ச்சல் வந்து நோய் முற்றியிருக்கும் வாரத்தில் இந்தச் சோதனையை எடுக்கக் கூடாது. உடம்பு நிலையாக இருக்கும் நாளில் எடுத்தால்தான் செல்லும். எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சதவீதம் பற்றி ஒரு விஷயம் எனக்குப் புதிது. "இருக்க வேண்டியது" என்ற அளவை ஒரு சமன்பாடு கணக்கிடுகிறது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இயல்பு அளவே குறைவு என்று வைத்துக்கொண்டு பல பழைய சமன்பாடுகள் கணக்குப் போட்டன. இயல்பைக் குறைத்து வைத்தால் நம் சதவீதம் உயர்ந்து தெரியும், நோய் லேசாகத் தெரியும். இனத்தைக் கணக்கில் எடுக்காத சமன்பாடு 2022இல் வந்தது, அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் (ஏ.டி.எஸ்.) 2023இல் அதையே பரிந்துரைத்தது. ஊதிய லிட்டர் அதேதான், சமன்பாடு மாறினால் சதவீதம் மாறுகிறது. எந்தச் சமன்பாடு என்று ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும், பாருங்கள். சதவீதத்தோடு லிட்டர் எண்ணையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது இதனால்தான்.

விரலில் மாட்டும் கிளிப் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி. ஜப்பானில் தகுவோ அஓயாகி என்ற பொறியாளர் 1974இல் வெளியிட்ட அருமையான யோசனை அது, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கருத்த தோலில் அது சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துச் சொன்னது. விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் தவறலாம். இதையெல்லாம்விடப் பெரியது, அது உட்கார்ந்திருக்கும்போது எடுத்த எண் என்பது. வீட்டில் நீண்ட நேர ஆக்சிஜன் கொடுப்பதையும் ஓய்வில் எடுக்கும் அளவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்குக் கீழே, கிளிப்பில் 88 அல்லது அதற்குக் கீழே. எனக்கு அந்த அளவு இல்லை, அதனால் சிலிண்டர் இல்லை. சிலிண்டர் இல்லாததால் நடக்க முடியும் என்று ஆகிவிடாது.

அதைக் காட்டிக் கொடுத்தது ஆறு நிமிட நடைச் சோதனை. என் விண்ணப்பத்தின் முடிவையே மாற்றிய காகிதம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். முதல் விண்ணப்பத்தில் இதை நான் வைக்கவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. 30 மீட்டர் நீளமுள்ள நடைபாதை, இரண்டு முனையிலும் கூம்பு. விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்க வேண்டும். வேகம் நம் விருப்பம். நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. சோதனை எடுப்பவர் கூடவே நடந்து வேகப்படுத்தக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு தடவை, எழுதிவைத்த அதே வாக்கியங்களை ஒரே குரலில் சொல்வார். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. நான் 264 மீட்டர் நடந்தேன். இரண்டு தடவை நின்றேன். தொடக்கத்தில் 94 இருந்த ஆக்சிஜன் நான்காவது நிமிடத்தில் 86க்கு இறங்கியது. முடிவில் மூச்சுத்திணறலை 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொன்னார்கள், 7 என்று விரலால் காட்டினேன், வாயால் சொல்ல முடியவில்லை. ஓய்வில் 95 என்று எழுதிய அந்தப் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் இந்தத் தாளை வைத்துப் பார்த்தபோது, இரண்டு வருடமாக நான் சொல்ல முயன்றதை யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

டி.எல்.சி.ஓ. என்ற சோதனையும் எடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு மிகச் சிறிதளவு கலந்த காற்றை இழுத்துப் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று தெரியும். எனக்கு 52 சதவீதம். பத்து விநாடி அடக்குவது சிரமமாக இருந்தது, மூன்றாவது முயற்சியில்தான் வந்தது.

டாக்டர் கடிதத்துக்குப் பெரிய போராட்டம் நடந்தது. முதலில் கொடுத்தது இரண்டு வரி: "இவர் சி.ஓ.பி.டி. நோயாளி. சிகிச்சையில் இருக்கிறார்." மையத்தில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள், டாக்டருக்காக. எவ்வளவு தூரம் நடப்பார், தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்பார், எவ்வளவு எடை தூக்கலாம், தூசி புகை குளிர் இருக்கும் இடத்தில் வேலை செய்யலாமா, மாதத்தில் எத்தனை நாள் படுத்துவிட வாய்ப்பு, இதுவரை என்னென்ன சிகிச்சை செய்தும் இந்த நிலை, இனிமேல் தேறுமா. டாக்டர் பார்த்ததும் முகம் சுளித்தார், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார். எழுதும்போதே, "இத்தனை தடவை ஸ்டீராய்டு போட்டிருக்கோமா" என்று என் கோப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வருடத்தில் மூன்று தடவை நோய் முற்றியது, அதில் ஒரு தடவை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த டிஸ்சார்ஜ் சீட்டை நான் தொலைத்திருந்தேன். நகல் வாங்க மூன்று வாரம் ஆனது. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரே பையில் வையுங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன சான்றையும் சேர்க்கச் சொன்னார்கள். அந்தப் பயிற்சி எனக்கு உதவியது. நடக்கும் தெம்பு கொஞ்சம் கூடியது, ஆனால் ஊதும் எண் கூடவில்லை. முயற்சி செய்யாமல் வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

வேலை வரலாறு எழுதும்போது அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியை மறக்க மாட்டேன். "வார லீவு முடிஞ்சு முதல் நாள் வேலைக்குப் போனா எப்படி இருக்கும் ஐயா?"

எங்கள் மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. லீவு முடிந்து வரும் முதல் ஷிஃப்ட்டில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கிய மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் குறையும், வாரக் கடைசியில் சரியாகிவிடும். ஓய்வெடுத்த உடம்பு சோம்பிப் போய்விட்டது என்று மேஸ்திரி சொல்வார், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அது பஞ்சுத்தூசி நோயின் அடையாளம், பிஸினோசிஸ் என்று பெயர், வாரத்தின் முதல் நாள் இறுக்கத்தை வைத்துத்தான் அதைத் தரம் பிரிப்பார்கள் என்று இந்த 57 வயதில் தெரிந்துகொண்டேன். வருடக்கணக்கில் தூசியில் இருந்தால் அந்த இறுக்கம் நிரந்தர அடைப்பாக மாறலாம். என்னோடு கார்டிங்கில் நின்ற பலர் முகம் கண்ணுக்குள் வந்தது. மில்லிலோ பஞ்சு அரைக்கும் இடத்திலோ வேலை செய்தவர் இதைப் படித்தால், அந்த முதல் நாள் இறுக்கத்தை உங்கள் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். வேலையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது என்றும் சொன்னார்கள். எத்தனை மணி நேரம் நின்றேன், எதைத் தூக்கினேன், இயந்திரச் சத்தத்துக்கு மேல் எவ்வளவு கத்திப் பேச வேண்டியிருந்தது என்று எழுதச் சொன்னார்கள். கத்திப் பேச முடியாத ஆளை அந்த இடத்தில் வைத்திருப்பது ஆபத்து என்பதை நானே அப்போதுதான் யோசித்தேன்.

21 நாள் டைரி எழுதச் சொன்னார்கள். என்ன செய்தேன், எவ்வளவு நேரம், எப்போது நின்றேன், அதற்கப்புறம். நல்ல நாளையும் எழுத வேண்டும் என்பது கண்டிப்பு. 21 நாளில் நல்ல நாள் ஆறு வந்தது. அதையும் அப்படியே கொடுத்தோம்.

கூட இருப்பவர் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். என் மனைவி எழுதினாள். என்னிடம் காட்டாமல் மடித்து நேராக அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதில் ஒரு வரி: "ஒரு வருடமாக அவர் குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் எண்ண ஆரம்பிப்பேன். அவருக்குத் தெரியாது."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. "தாமாகக் குளிக்க முடியுமா? ஆம்" என்று நான் டிக் போட்ட வருடம் முழுக்க அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா கதவைத் தாழ் போட்டுக்குவீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து கதவைத் தாழ் போடுவதில்லை.

சேவையில் குறைகளும் இருக்கின்றன. தொலைபேசியை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் எடுக்கிறார்கள், பல நாள் கிடைக்கவே இல்லை. எனக்கு நோய் முற்றிய ஒரு வாரத்தில் குறித்த நேரத்துக்குப் போக முடியவில்லை, அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. மேல்முறையீட்டுக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, தூக்கமே இல்லை. இப்படிப் பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நகல் எடுப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் நாமே செய்ய வேண்டும். 64 பக்கம், என் மகன் ஒரு நாள் லீவு போட்டுச் செய்தான். துணைக்கு ஆள் இல்லாத நோயாளி என்ன செய்வார் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. கிடைக்கும் என்று அவர்கள் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. "மறுபடியும் நிராகரிக்கலாம் ஐயா, ஆனா இந்தத் தடவை உங்க உடம்பைப் பத்தித் தெரிஞ்சுக்காம நிராகரிக்க முடியாது" என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மேல்முறையீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்கு. பிறகு மறுஆய்வு. கடிதத்தில் 264 மீட்டரும் 86ம் குறிப்பிடப்பட்டிருந்தன, மனைவியின் கடிதமும் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது மாடிப்படிக்காக. கடைசித் தடவை போனபோது அதைச் சொல்லியும்விட்டேன். அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. உடம்பின் குறையும் சுற்றியிருக்கும் தடைகளும் மோதும்போதுதான் ஒருவர் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறது என்று 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலேயே இருக்கிறது என்றார். "நாங்களே ஒரு தடையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், தெரியும் ஐயா" என்று சொல்லி, என் புகாரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். போன வாரம் மறுஆய்வு பற்றி ஒரு சந்தேகம் கேட்கக் கூப்பிட்டேன். வாரம் இரண்டு நாள் கீழ்த்தளத்தில், கட்டடக் காவலாளி அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்களாம். மூச்சு நோய்க்காரர்கள் முன்னாடியே சொன்னால் அவர்களே இறங்கி வருகிறார்களாம்.